பச்சைத் திரையில் பூஜ்யம்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டில் குலுங்கக் கூடாது. இது குலுங்கியது.

காலை ஏழு மணி. மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியில் இரவுப் பணி முடியும் நேரம். பொறுப்பு நர்ஸ் இரண்டாம் எண் ஃப்ரீசரைத் திறந்தாள். குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கான காலைப் பங்கை எடுத்து இளக்க வேண்டும். மேல்தட்டிலிருந்து எடுத்த முதல் பாட்டிலிலேயே பால் அலையடித்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. கையை ஆழமாக உள்ளே விட்டாள். சமையலறை அலமாரிக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. நான்காம் ஃப்ரீசரைத் திறந்தாள். அங்கும் அதே கதி.

பால் மிகுந்த தாய்மார்கள் வீட்டிலிருந்து சுமந்துவந்து கொடுத்தது. பால் சுரக்காத தாய்மார்களின் குழந்தைகளுக்குப் போக வேண்டியது. இனி அது சாக்கடைக்குத்தான்.

அவள் கத்தவில்லை. திரும்பிக் கதவருகே இருந்த திரையைப் பார்த்தாள். பச்சை நிறம். நடுவில் பெரிய எழுத்தில், சூடான பெட்டிகள் 0. இரவு முழுக்க அவள் பார்த்ததும் அந்தப் பச்சையைத்தான், அந்தப் பூஜ்யத்தைத்தான். இரவில் ஃப்ரீசர்களைத் திறந்தால் குளிர் போய்விடும், திரையைப் பார்த்தால் போதும் என்று கதவிலேயே உத்தரவு ஒட்டியிருந்தது. அவளும் உத்தரவுப்படியே நடந்தாள்.

எட்டரை மணிக்குள் அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

ஆக்கியவர் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர். இவர் மேசையில் பேனாக்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். யார் எந்த வேலையை முடித்துக் காட்டினாலும் "இன்னும் சுத்தமா பண்ணலாமே" என்பார். அவர் இல்லாத இடத்தில் அவருக்கு 'சுத்தம்' என்றே பெயர். அந்தப் பெயரே நமக்கும் போதும்.

தலைமை டாக்டரின் அறையில் சுத்தம் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டிருந்தாள். பச்சிளம் குழந்தைகளோடே முப்பது வருடம் ஓட்டியவள். கோபம் வந்தால் குரல் தாழும். அன்று காலை அவள் பேசியது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. போலீஸைக் கூப்பிட்டதும் அவள்தான். இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஃப்ரீசருக்குள்ள சென்சார் இருக்கு," என்றார் சுத்தம். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர்ல ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். கம்ப்யூட்டர் வரிசையா செய்ய வேண்டிய வேலைகளோட பட்டியல்தான் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு பெட்டியா பார்த்து, சூடா இருந்தா எண்ணிக்கையில ஒண்ணு கூட்டும். கடைசில எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல இருந்தா ஹாரன் அடிக்கும். திரை சிவப்பாகும்."

"அடிக்கலையே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுதான் சார் விஷயம். இதைப் பாருங்க." சுவரில் இருந்த பெரிய திரையில் சர்வரின் பதிவைக் காட்டினார்.

பெட்டி 1: சரி.
பெட்டி 2: சூடு. எண்ணிக்கை 1.
பெட்டி 3: சரி.
பெட்டி 4: சூடு. எண்ணிக்கை 2.
பெட்டி 6: சரி.
மொத்தம்: 0. அலாரம் தேவையில்லை.

"ரெண்டு வரைக்கும் ஏறின எண்ணிக்கை எப்படி சார் பூஜ்யமாகும்? யாரோ நடுவுல கை வெச்சிருக்காங்க. அலாரத்தை மௌனமாக்குற பாஸ்வேர்டு பால் வங்கில ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

ஒருவரும் கதவோரம் நின்ற நர்ஸைப் பார்க்கவில்லை. அதுவே பார்ப்பதைவிட அதிகமாக உறைத்தது.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"இல்ல."

"ஆறு பெட்டி ஓடுற அறை. ரெண்டு நின்னா சத்தம் குறையும். தெரியலையா?"

"அஞ்சு சார். அஞ்சாவது பெட்டி பழுதாகி ரொம்ப நாளாச்சு. அதுல ஏப்ரன் மடிச்சு வெச்சிருக்கோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் வார்டு, ராத்திரி பூரா அங்க மெஷின் ஓடும். எனக்குத் தெரியல."

"ஹாரனுக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கு. நான் பார்த்தேன். யார் வெச்சது?"

அவள் தயங்கவில்லை. "நான்தான்."

டாக்டர் தலை நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை சோதனைன்னு பட்டனை அழுத்துவாங்க. வார்டுல அத்தனை குழந்தையும் தூக்கிவாரிப்போட்டு அழும். ஒரு கிலோகூட இல்லாத குழந்தைங்க. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன். யாரும் காதுல போட்டுக்கல. பஞ்சு வெச்சேன். பஞ்சு வெச்சாலும் கேட்கும்."

"கேட்கலையே."

"அடிச்சாத்தானே சார் கேட்கும்."

இன்ஸ்பெக்டர் எதையோ எழுதிக்கொண்டார். அவள் கழுத்தில் சுருக்கு இறுகுவது எல்லோருக்கும் தெரிந்தது. வேண்டுமென்றே பாலைக் கெடுத்தாள் என்று வழக்குப் போட்டால் வேலை மட்டுமல்ல, பெயரும் போகும். வேறெந்த மருத்துவமனையும் இவளை வாசல்படி ஏற விடாது.

"என் தங்கச்சி வெளியில நிக்கிறா," என்றாள் நர்ஸ். "அவளுக்கு சர்வர் வேலைதான். ஒரு தடவை பார்க்கட்டும். பார்த்துட்டு அவளும் நான்தான்னு சொன்னா, நானே வந்து ஜீப்புல ஏறுறேன்."

சுத்தம் சிரித்தார். "சொந்தக்காரங்களை வெச்சு விசாரணையா?"

"பதினோரு மணி வரைக்கும்," என்றாள் டாக்டர். "நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க. எதையும் அழிக்க விடாதீங்க."

தங்கை ஒரு டெலிஃபோன் கம்பெனியில் சர்வர்களைப் பழுதுபார்ப்பவள். யார் எதைச் சொன்னாலும் அதில் கொக்கி போட்டு இழுப்பாள். அதனால் அலுவலகத்தில் அவள் பெயரே கொக்கி. தகவல் கேட்டதும் தலைகூட வாராமல் ஓடிவந்திருந்தாள். நடைக்கூடத்தில் அக்காவைத் தனியாக நிறுத்தினாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவள் கேட்டது இதுதான்.

"அலாரத்தை அணைச்சியா?"

அக்கா அவளையே பார்த்தாள். "உனக்கும் அதுதான் தோணுதா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சின்ன வயசுல தினமும் கடிகாரத்தோட தலையில தட்டிட்டுத் திரும்பிப் படுத்துப்ப. உன்னால நானும் ஸ்கூல் வாசல்ல முட்டி போட்டிருக்கேன்."

"அணைக்கல."

"சத்தியமா?"

அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள். காலையில் குலுங்கிய முதல் பாட்டில். "இது யாரு கொடுத்ததுன்னு தெரியுமா? அந்தம்மா குழந்தை நம்ம வார்டுலதான் இறந்துபோச்சு. அதுக்கப்புறமும் வந்து கொடுத்துட்டுப் போறாங்க. இன்னிக்கு மத்தியானமும் வருவாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கொக்கிக்கு அக்கா மேல் வந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் திரும்பியது. விறுவிறுவென்று நடந்தாள்.

முதலில் பால் வங்கிக்குள் நுழைந்தாள்; டாக்டரும் இன்ஸ்பெக்டரும் சுத்தமும் பின்னாலேயே வந்தார்கள். ஹாரனைப் பார்த்தாள். பஞ்சு இருந்தது. ஹாரனுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு, எரியாமல் கிடந்தது.

"இது எதுக்கு?"

"ஹாரனுக்கு ஒரு தடவை கரண்ட் போனாலே சிவப்பா எரியும்," என்றாள் உடன் வந்த டாக்டர். "சாவி போட்டாத்தான் அணையும். சாவி எப்பவும் என்கிட்டதான். திங்கக்கிழமை சோதனை முடிஞ்சதும் நான்தான் அணைப்பேன்."

"நேத்து ராத்திரி அணைச்சீங்களா?"

"நான் நேத்து சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டேன். சாவி என் பைல இருந்துச்சு."

"அப்ப ஹாரனுக்குக் கரண்டே போகல. பஞ்சு பேச்சை விட்டுருங்க, இன்ஸ்பெக்டர் சார்."

இன்ஸ்பெக்டர் எழுதியதில் ஒரு வரியை அடித்தார்.

"திங்கக்கிழமை சோதனை எப்படி பண்ணுவீங்க?" கேள்வி சுத்தத்துக்கு.

"சுவத்துல பட்டன் இருக்கு. அழுத்தினா அடிக்கும். ஒவ்வொரு வாரமும் சரியா அடிச்சிருக்கு."

"பட்டன் ஹாரனை நேரா அடிக்குதா, ஸ்கிரிப்ட் வழியா அடிக்குதா?"

"நேராத்தான்."

"அதாவது ஹாரன் நல்லா இருக்கான்னு வாராவாரம் பார்த்தீங்க. ஸ்கிரிப்ட் நல்லா இருக்கான்னு யாருமே பார்க்கல."

"ஸ்கிரிப்டை வெச்ச நாள்லயே ஒரு பெட்டியைச் சூடாக்கிப் பார்த்தாச்சு, ஹாரன் அடிச்சுது. அப்புறம் யாரும் அதைத் தொடல. ஒரு வருஷமா அப்படியே இருக்கு."

"யாரும் தொடல."

"அதைத்தானே சொன்னேன். எத்தனை தடவை சொல்லணும்?"

கொக்கி அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. இரண்டாம் ஃப்ரீசரும் நான்காம் ஃப்ரீசரும் ஒரே மின்பலகையில் சொருகப்பட்டிருந்தன. பலகையின் ஃபியூஸ் போயிருந்தது. ஃபியூஸ் போவதற்குச் சதி எதுவும் வேண்டாம். விசாரணை முடியும்வரை எதையும் தொடக் கூடாது என்று எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெட்டிகள் இன்னும் சூடாகவே நின்றன. ஐந்தாம் பெட்டியின் கதவில் 'பழுது' என்ற சீட்டு மஞ்சளாகித் தொங்கியது. உள்ளே ஏப்ரன்கள்.

பத்து மணி. சர்வர் அறை.

கொக்கி பதிவை நகர்த்திக்கொண்டே போனாள். நேற்று மாலை முதல் வரிசையாக ஒரே மாதிரி. எண்ணிக்கை 1, எண்ணிக்கை 2, மொத்தம் 0. திரும்பவும் 1, 2, 0. திடீரென்று நிறுத்தினாள்.

"சார், என் அக்கா இப்ப எங்க இருக்கா?"

"டாக்டர் ரூம்ல. கான்ஸ்டபிள் பக்கத்துல இருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கையில ஃபோன் இருக்கா?"

"வாங்கி வெச்சாச்சு."

"இந்தக் கடைசி வரி வந்து ஒரு நிமிஷம் ஆகல. இன்னும் 1, 2, 0ன்னுதான் சொல்லுது. நாம நின்னு பேசிட்டு இருக்கோம், திருட்டு நடந்துட்டே இருக்கு. எங்க அக்கா கான்ஸ்டபிளைப் பார்த்துட்டே எண்ணிக்கையை அழிக்கிறாளா?"

இன்ஸ்பெக்டர் சுத்தத்தைப் பார்த்தார். சுத்தத்தின் முகம் மாறியது, ஆனால் உடனே சமாளித்தார்.

"அப்ப சர்வர்ல ஏதோ வெச்சிட்டுப் போயிருக்காங்க. ஸ்கிரிப்ட்ல தப்பே இல்லை. நான் நிரூபிக்கிறேன்." அவர் தன் மடிக்கணினியைத் திறந்தார். சர்வரில் இருந்த ஸ்கிரிப்டின் வரிகள் அத்தனையையும் நகலெடுத்து, மடிக்கணினியின் கறுப்புத் திரையில் ஒட்டினார். சென்சார் அளவுகளையும் அதிலேயே போட்டார். ஓடவிட்டார்.

எண்ணிக்கை 1. எண்ணிக்கை 2. மொத்தம்: 2. அலாரம்.

"பார்த்தீங்களா? எழுத்துக்கு எழுத்து அதே ஸ்கிரிப்ட். என் மெஷின்ல ரெண்டு. சர்வர்ல பூஜ்யம். அப்ப சர்வரை யாரோ கெடுத்திருக்காங்க." மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் கொக்கியைப் பார்த்தாள். நல்ல பதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும் பார்வை. கொக்கி திரைக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து ஸ்கிரிப்டைப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. பல்லைக் கடித்தாள். அவளுடைய அலுவலகத்தில் இதே வரி ஒரு தடவை அவளை மூன்று நாள் தூங்கவிடாமல் அடித்திருந்தது.

"டாக்டர், உங்க பேனாவைக் கொடுங்க. இன்ஸ்பெக்டர் சார், உங்க உள்ளங்கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க சார்."

காட்டினார். கொக்கி தன் உள்ளங்கையில் ஒரு பூஜ்யம் எழுதினாள். அவர் கையிலும் ஒரு பூஜ்யம் எழுதினாள்.

"நான்தான் ஸ்கிரிப்ட். நீங்க என்னோட நகல். என் கையில என்ன இருந்துச்சோ அதையே உங்க கையிலயும் எழுதிட்டேன். இப்ப பால் வங்கிக்குப் போங்க. ஒவ்வொரு பெட்டியா திறந்து பாருங்க. சூடா இருந்தா உங்க கையில இருக்கிற எண்ணிக்கையைக் கூட்டிக்கோங்க. முடிஞ்சதும் பின்வாசல் வழியா வெளிய போயிருங்க. திரும்பி இங்க வரணும்னா கையைக் கழுவிட்டுத்தான் வரணும்."

இன்ஸ்பெக்டருக்கு இதில் ஏதோ கேலி இருப்பதாகப் பட்டது. ஆனாலும் போனார். கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பின்வாசல் சாத்தும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கையில் சோப்பு வாசனையோடு திரும்பி வந்தார்.

"எத்தனை சார்?"

"ரெண்டு."

"வாயால சொல்லக் கூடாது. கையைக் காட்டுங்க."

கை ஈரமாக, வெறுமையாக இருந்தது.

"டாக்டர், இப்ப ஸ்கிரிப்ட்கிட்ட கேளுங்க, எத்தனை பெட்டி சூடுன்னு." கொக்கி தன் உள்ளங்கையை விரித்தாள். பூஜ்யம். "யாரும் அழிக்கல. யாரும் திருடல. ரெண்டுன்னு எண்ணினது வேற கை. அலாரம் அடிக்கலாமா வேண்டாமான்னு பார்த்தது வேற கை."

டாக்டர் இரு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "புரியுது. ஆனா சர்வருக்குள்ள ஏன் இன்னொரு ஆள்?"

"இந்தக் குறியால." திரையில் ஒரு செங்குத்துக் கோட்டைத் தொட்டாள். "இதுக்குப் பேரு பைப். இந்தப் பக்கம் ஒரு வேலை வடிகட்டி அனுப்பும், அந்தப் பக்கம் இருக்கிற லூப் வாங்கிக்கும். லூப்னா பெட்டி பெட்டியா சுத்தி வர்ற பகுதி. பைப்புக்கு அந்தப் பக்கம் லூப்பைத் தூக்கிப் போட்டா, இந்த சர்வர் அதைத் தானே செய்யாது. தன்னை மாதிரியே ஒரு நகலை அனுப்பும். நகல் போகும், எண்ணும், பதிவுல ஒண்ணு ரெண்டுன்னு ஒழுங்கா எழுதும். வேலை முடிஞ்சதும் நகல் காலி. அவன் எண்ணினதும் அவனோட போச்சு. வெளியில நிக்கிறவன் கையில முதல்ல இருந்த பூஜ்யம் அப்படியே இருக்கும்."

"என் மெஷின்ல ரெண்டுன்னு வந்துச்சே," என்றார் சுத்தம். குரல் உயர்ந்தது.

"வரும். கட்டளையை வாங்கி நிறைவேத்துற ஆளுக்குப் பேரு ஷெல். உங்க மடிக்கணினில இருக்கிற ஷெல் வேற, சர்வர்ல இருக்கிற ஷெல் வேற. உங்களுது பைப்போட கடைசி வேலையைத் தானே செய்யும், நகலை அனுப்பாது. நீங்க வரிகளை எடுத்து உங்க திரையில ஒட்டினீங்க. ஒட்டினதும் அது உங்க ஆளோட வேலையாயிடுச்சு. நீங்க சோதிச்ச ஆள் வேற, ராத்திரி காவல் காத்த ஆள் வேற."

சுத்தம் நெற்றியைத் துடைத்தார். பிறகு தோளைத் தளர்த்தினார். தப்பிக்க ஒரு சந்து தெரிந்தவரின் தளர்வு அது.

"அப்ப யார் மேலயும் தப்பில்லை. இது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. யாருக்கு வேணா நடக்கும். சிஸ்டர்கிட்ட நானே வருத்தம் தெரிவிச்சிடறேன்."

"உட்காருங்க," என்றாள் கொக்கி. சார் என்று சேர்க்கவில்லை.

அவர் உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா யாரும் தொடலன்னு சொன்னீங்க. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் சொன்னீங்க. போன வருஷம் வெச்ச ஸ்கிரிப்ட் இதுன்னா, அன்னிக்கே சோதிச்சப்பவே ஹாரன் அடிச்சிருக்காது. அடிச்சதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அன்னிக்கு அடிச்சுது."

"அப்ப அன்னிக்கு இந்த பைப் இல்லை. அப்புறம் யாரோ போட்டிருக்காங்க. கோப்புல இருக்கிற தேதி போன வாரம்னு சொல்லுது."

"பேக்கப் எடுக்கும்போது தேதி மாறும். அது சாட்சி இல்லை."

"தேதி சாட்சி இல்லை. ஒத்துக்கறேன். ஏப்ரன் சாட்சி சொல்லும்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஏப்ரனா?"

"பால் வங்கில எத்தனை பெட்டி இருக்கு சார்?"

"ஆறு."

"காலைல உங்களுக்குக் காட்டின பதிவுல எத்தனை பெட்டி?"

அவர் திரையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். பெட்டி 1, 2, 3, 4. அடுத்தது 6.

"அஞ்சு இல்லை."

"அஞ்சுதான் பழுதான பெட்டி. உள்ள ஏப்ரன்தான் இருக்கு, சென்சார் கம்பி பிடுங்கியாச்சு. ஆனா ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது இல்ல? அது பாட்டுக்கு அஞ்சாவது பெட்டியையும் போய்ப் பார்க்கும்." கொக்கி பதிவைப் பின்னோக்கி இழுத்தாள். போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப நின்றது: பெட்டி 5: படிக்க முடியவில்லை. பெட்டி 5: படிக்க முடியவில்லை. செவ்வாய் மதியத்துக்குப் பிறகு அந்த வரி ஒன்றுகூட இல்லை.

"பார்க்கவே அசிங்கமா இருக்கு இல்ல?" என்றாள். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே வரி. ஒழுங்கா இருக்கிற பதிவுக்கு நடுவுல அழுக்கு மாதிரி. ஒருத்தருக்கு மட்டும் அது கண்ணை உறுத்தியிருக்கு. அஞ்சாம் பெட்டியை முன்னாடியே வடிகட்டிட்டு மிச்சத்தை மட்டும் லூப்புக்கு அனுப்பினா பதிவு பளிச்சுனு இருக்கும். வடிகட்ட ஒரு பைப் போட்டார். அந்த வரி போச்சு. அதோட எண்ணிக்கையும் போச்சு. எங்க அக்கா பாஸ்வேர்டால மௌனமாக்க மட்டும்தான் முடியும், ஸ்கிரிப்டைத் திறக்கவே முடியாது. இந்த சர்வர்ல எழுத உரிமை இருக்கிறது ஒருத்தருக்குத்தான்."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "அலாரம் சம்பந்தப்பட்ட எதை மாத்தினாலும் இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும். சர்வர்லயே சோதிக்கணும். அந்த விதியை எழுதினதே நீங்கதான்."

"ஒரு வரி டாக்டர்," என்றார் சுத்தம். "ஒரே ஒரு வரி. சுத்தம் பண்ணேன், அவ்வளவுதான். என் மெஷின்ல சரியா ஓடுச்சு. பைப் இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாம இருக்கலாம்," என்றாள் கொக்கி. "எனக்கும் ஒரு காலத்துல தெரியாது. அதுக்காக யாரும் உங்களை ஜீப்புல ஏத்த மாட்டாங்க. பைப் உங்களுக்குத் தெரியாது. ஆனா நீங்க தொட்டது உங்களுக்குத் தெரியும். காலைல ஏழு மணிக்கு, பால் கெட்டுப்போச்சுன்னு கேட்ட நிமிஷமே, செவ்வாய்க்கிழமை கை வெச்சது ஞாபகம் வந்திருக்கும். வந்துச்சா இல்லையா?"

அவர் பேனாவை எடுத்து மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.

"வந்தும், இன்னொருத்தி பேரைச் சொன்னீங்க. பஞ்சு கிடைச்சதும் சந்தோஷப்பட்டீங்க. ராத்திரி பூரா கண் விழிச்சவளை, உங்க பச்சைத் திரையை நம்பினவளை, குழந்தைங்க பாலைக் கெடுத்தவன்னு போலீஸ்கிட்ட சொன்னீங்க. எண்ணிக்கையை முழுங்கினது பைப். அதை மறைச்சது நீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார். "தப்பா ஸ்கிரிப்ட் எழுதறது என் சட்டத்துல இல்லை," என்றார் சுத்தத்திடம். "போலீஸுக்குப் பொய் சொல்றது இருக்கு. காலைல சொன்னதையெல்லாம் மறுபடி ஒரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை நான் மெதுவா எழுதிக்கறேன்."

கொக்கி அங்கே நிற்கவில்லை. டாக்டரிடம் அனுமதி கேட்டு ஸ்கிரிப்டைத் திருத்தினாள். பைப்பை எடுத்தாள். சென்சார் பட்டியலை லூப்பின் கடைசி வரியிலேயே நேராகக் கொடுத்தாள். இனி நகல் ஆள் வேண்டாம். ஐந்தாம் பெட்டியின் அசிங்கமான வரி திரும்பி வரும். வரட்டும். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"ஓடவிடறதுக்கு முன்னாடி அக்காவைக் கூப்பிடுங்க," என்றாள் கொக்கி.

பதினோரு மணிக்குச் சற்று முன்னால் மூவரும் பால் வங்கியில் இருந்தார்கள். டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டலுக்குச் சரி என்றும் இல்லை என்றும் அர்த்தம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஹாரனுக்குள் இருந்த பஞ்சைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

கொக்கி சர்வரோடு இணைத்திருந்த தன் ஃபோனில் ஒரு பொத்தானைத் தொட்டாள். ஸ்கிரிப்ட் ஓடியது. பெட்டி 2 சூடு. பெட்டி 4 சூடு. மொத்தம் 2.

திரை சிவந்தது. ஹாரன் வீறிட்டது. விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு குழந்தை, பிறகு இரண்டு, பிறகு வார்டு மொத்தமும் அழ ஆரம்பித்தது. டாக்டர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

நர்ஸ் குறுக்கே நின்றாள்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்."

"குழந்தைங்க அழுதுங்க, சிஸ்டர்."

"தெரியுது. எனக்குத் தெரியாதா? ராத்திரியே அழுதிருக்கணும். நான் ஓடி வந்து பார்த்திருப்பேன். அத்தனை பாட்டிலையும் காப்பாத்தியிருப்பேன்." முகம் கோணியது. அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். அழுகையை விடக் கோபமே அதில் அதிகம் இருந்தது.

சிறிது நேரம் கழித்து அவளே விலகி வழி விட்டாள். டாக்டர் சாவியைத் திருப்பினாள். ஹாரன் நின்றது. குழந்தைகள் நிற்கவில்லை.

கொக்கி அக்காவின் தோளைத் தொடப் போனாள். அக்கா நகர்ந்துகொண்டாள். குலுங்கிய அந்தப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, வார்டுப் பக்கம் நடந்தவள், கதவருகே நின்றாள்.

"அந்தாளுக்கு என்னைத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது," என்றாள். "உனக்குமா தெரியாது?"

"அக்கா..."

"எல்லாரையும் கேள்வி கேட்டியே. முதல் கேள்வியை யாரைக் கேட்ட?"

அவள் உள்ளே போனாள். குழந்தைகளைத் தட்டிக்கொடுக்கும் குரல் கேட்டது. கொக்கி அங்கேயே நின்றாள். கைகழுவும் தொட்டி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. உள்ளங்கையில் டாக்டரின் பேனாவால் எழுதிய பூஜ்யம் இன்னும் அழியாமல் இருந்தது.